எங்கப்பாவுக்கு வேலை செய்யாத மாத்திரை சித்தப்பாவுக்கு மட்டும் எப்படி வேலை செய்யுது? ஜீன்தான் காரணம்னு சொல்றாங்க

காசிமேட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவ, இன்னைக்குதான் மொத தடவ எழுதறேன், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

எங்கப்பாவுக்கு 57 வயசு. காசிமேட்டுல லாஞ்சு ஓட்டினவரு. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வார்ஃபுலயே நெஞ்ச புடிச்சிட்டு உக்காந்துட்டாரு, தூக்கிட்டு போய் ஸ்டென்ட் வெச்சாங்க. ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின் ஒண்ணு, குளோபிடோக்ரெல் 75 ஒண்ணு, ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் கூட விடக்கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்க. அவரு விடல. இத பொண்ணுங்கற பாசத்துல சொல்லல. ஐஸ் ஃபேக்டரில குடுத்த மாச காலண்டர் எங்க வீட்டு கதவுக்குப் பின்னாடி தொங்குது, ராத்திரி சாப்ட்டு மாத்திரைய முழுங்கினதும் எழுந்து போய் அன்னைக்கு தேதிய சுத்தி நீல பேனாவால ஒரு வட்டம் போட்டுட்டுதான் படுப்பாரு. ஜனவரி 17ல இருந்து ஏப்ரல் 24 வரைக்கும் வட்டம் இல்லாத தேதி ஒண்ணு கூட இல்ல, நான் விரல் வெச்சு எண்ணிப் பார்த்துட்டேன்.

அப்படி இருந்தும் தடைக்காலம் ஆரம்பிச்சு பத்தாவது நாள் அதே வலி. அதே ஸ்டென்ட்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு. உயிர் பொழைச்சதே பெருசு, அத நான் மறக்கல. ஆனா கேத் லேப்ல இருந்து வெளிய வந்த டாக்டர் மொத கேள்வியே "மாத்திரைய எத்தன நாள் விட்டாரு?"ன்னுதான் கேட்டாரு. விடல சார்னு சொன்னேன். "எல்லா வீட்டுலயும் இதத்தான்மா சொல்றாங்க"ன்னுட்டு போயிட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரில மருந்து ஒழுங்கா எடுக்கலன்னு இங்கிலீஷ்ல எழுதியே குடுத்துட்டாங்க. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, என்னா எழுதிருக்குன்னு கேட்டாரு, நான் படிச்சு சொல்லிட்டேன். சொல்லாமயே இருந்திருக்கலாம். அன்னைல இருந்து சரியா பேசறதே இல்ல, யாராவது பார்க்க வந்தா "நான் மாத்திர போட்டேன்பா"ன்னு கேக்காமயே சொல்றாரு.

அப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். அவரு போன்ல காலண்டர் போட்டோவ பெருசு பண்ணி பார்த்தாரு, பார்த்துட்டு குளோபிடோக்ரெல நிறுத்திட்டு டிகாக்ரெலார்னு ஒண்ணு ரெண்டு வேளைக்கு எழுதுனாரு. "சில பேரு உடம்புல குளோபிடோக்ரெல் வேலையே செய்யாதும்மா, ஜீன்ல இருக்கறது, நம்ம ஊர்ல இது ஜாஸ்தி"ன்னு சொன்னாரு. வெளிய அம்பது பேரு நிக்கறாங்க, அதுக்கு மேல என்னால கேக்க முடியல.

என் சந்தேகம் இதுதான். எங்க சித்தப்பாவுக்கும் ஸ்டென்ட் வெச்சு ரெண்டு வருஷம் ஆகுது, அதே குளோபிடோக்ரெல்தான் போடறாரு, நல்லா இருக்காரு. ஒரே அம்மா அப்பாவுக்கு பொறந்த ரெண்டு பேருக்கு ஒரே மாத்திரை எப்படி ரெண்டு மாதிரி போகும்? சித்தப்பாவும் மாத்திரைய மாத்தணுமா? எனக்கும் என் தம்பிக்கும் இது வருமா? இதுக்கு டெஸ்ட் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருந்துக்கடை அண்ணன், தண்டையார்பேட்டை:

தங்கச்சி, மொதல்ல அப்பா பொழைச்சு வந்ததுக்கு சந்தோஷம். நான் பார்மசி படிச்சு 22 வருஷமா கடைல நிக்கறவன், தெரிஞ்சத சொல்றேன்.

உங்க டாக்டர் சொன்னது உண்மை. குளோபிடோக்ரெல் வாயில போடும்போது அது இன்னும் மருந்தே ஆகல. வெறும் சரக்கு. உள்ள போயி ஈரல்ல மாறினாதான் மருந்து. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும்ல, ஹார்பருக்கு சரக்கு வந்துடுச்சுன்னு சொல்லி என்ன பிரயோஜனம், கிளியரிங் ஆகி பெட்டிய தொறந்தாதான கடைக்கு வரும். அந்த மாதிரி. இந்த மாத்திரைல கிட்டத்தட்ட 85 சதவீதம் வேற ஒரு என்சைம் கையில மாட்டி சும்மாவே வீணாப் போயிடும், எல்லாருக்குமே அப்படித்தான். மீதி 15 சதவீதத்தத்தான் ஈரல் மருந்தாக்குது. அந்த வேலைய முக்கியமா செய்யற என்சைமுக்கு பேரு சிஒய்பி2சி19. இந்த என்சைம செய்யறதுக்கான ஜீன் அப்பாகிட்ட இருந்து ஒரு காப்பி, அம்மாகிட்ட இருந்து ஒரு காப்பின்னு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு இருக்கும். அதுல ஸ்டார் 2ன்னு ஒரு மாறின வகை இருக்கு, அந்த காப்பில இருந்து வேலை செய்யற என்சைம் வராது. ஒரு காப்பி அப்படி இருந்தா வேலை மந்தமா நடக்கும், ரெண்டுமே அப்படி இருந்தா மருந்தாகறது ரொம்பக் கம்மி.

ஐரோப்பாக்காரங்கள்ல ரெண்டு காப்பியும் கெட்டவங்க நூத்துக்கு ரெண்டு மூணு பேருதான். நம்ம பக்கம் நூத்துக்கு பத்து பேருக்கு மேல. ஒரு கெட்ட காப்பியாவது வெச்சிருக்கறவங்கள சேர்த்தா பாதி ஜனம் வந்துடும். அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2010லயே இந்த மாத்திரைக்கு கட்டம் கட்டி எச்சரிக்கை போட சொல்லிடுச்சு. நம்ம கடைக்கு வர்ற அட்டையில அதெல்லாம் யாரு படிக்கறா, எழுத்தும் எறும்பு சைஸ்ல இருக்கும்.

அண்ணன் தம்பி விஷயம் ரொம்ப சிம்பிள். உங்க தாத்தாகிட்ட ஒரு நல்ல காப்பி ஒரு கெட்ட காப்பி, ஆயாகிட்டயும் அதே மாதிரின்னு வெச்சுக்குங்க. உங்கப்பாவுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் கெட்டது வந்திருக்கலாம், சித்தப்பாவுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் நல்லதே வந்திருக்கலாம். ஒரே வயித்துல பொறந்தவங்க ஒருத்தன் கருப்பு ஒருத்தன் மாநெறம்னு இருக்கறதில்லையா.

இன்னொண்ணு கேக்கணும், இத மறக்காம பாருங்க. அப்பா கேஸ் மாத்திரை ஏதாவது போடறாரா? ஆஸ்பத்திரில குடுத்தது இல்ல, அவரா கடைல வாங்கி போடறது. பேரு என்னன்னு அட்டைய பார்த்து சொல்லுங்க.

காசிமேட்டுப் பொண்ணு:

அண்ணா, நீங்க கேட்டதும் போய் அப்பா சட்டைப்பைய பார்த்தேன், கை நடுங்குது எனக்கு. ஓமெப்ரசோல்னு ஒரு அட்டை இருக்கு, பத்துல மூணுதான் பாக்கி. ஆஸ்பத்திரில ஒரு மாசத்துக்கு பேன்டோப்ரசோல் குடுத்திருக்காங்க, அது தீர்ந்ததும் இவரா பக்கத்து மெடிக்கல்ல கேஸ் மாத்திரை குடுன்னு கேட்டு வாங்கிருக்காரு, பிப்ரவரி கடைசில இருந்து டெய்லி காலைல டீக்கு முன்னாடி ஒண்ணு. ஏன்பா சொல்லலன்னு கேட்டா "அது கேஸ் மாத்திரதான, அத போயி டாக்டர்கிட்ட இன்னாத்துக்கு சொல்லணும்"ங்கறாரு. இது தப்பான மாத்திரையா?

மருந்துக்கடை அண்ணன், தண்டையார்பேட்டை:

தப்பான மாத்திரை இல்லம்மா, அதோட சேரக்கூடாத மாத்திரை. ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஈரல்ல அதே சிஒய்பி2சி19 என்சைமத்தான் புடிச்சு அடக்கி வைக்கும். குளோபிடோக்ரெல் போடறவங்களுக்கு இந்த ரெண்டும் குடுக்காதீங்கன்னு எச்சரிக்கையே இருக்கு, பேன்டோப்ரசோல்ல அந்தத் தொந்தரவு கம்மி, அதனாலதான் ஆஸ்பத்திரில அத குடுத்திருக்காங்க. அப்பாவ திட்டாதீங்க. கவுன்டருக்கு அந்தப்பக்கம் நிக்கற நாங்க "வேற என்ன மாத்திரை போடறீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நான் என் கடைல கேக்கறேன், ஆனா சாயந்திரம் கூட்டத்துல எத்தன பேர விட்டிருப்பேன்னு நெனச்சா எனக்கே பயமாதான் இருக்கு.

இப்ப டிகாக்ரெலாருக்கு மாறிட்டதால இந்த சிக்கல் இல்ல, அது ஈரல்ல மாறாமயே நேரா வேலை செய்யற மருந்து. ஆனா அது ரெண்டு வேளை மாத்திரை, ஒரு வேளை விட்டாலும் பலம் சீக்கிரமா கொறையும். சில பேருக்கு கொஞ்சம் மூச்சு வாங்கும், பயந்துட்டு அவங்களா நிறுத்திடுவாங்க. அப்படி வந்தா டாக்டர்கிட்டதான் போகணும், நிறுத்தக் கூடாது.

வட சென்னை பிஜி டாக்டர்:

நான் மெடிசின் பிஜி பண்றேன், கார்டியாலஜி இல்ல, அத மனசுல வெச்சு படிங்க.

அண்ணன் சொன்னது சரி. ஆனா இதுல இருந்து "அப்பாவுக்கு ஜீன்தான் காரணம்"னு முடிவு கட்டிட வேணாம். ஒரு காப்பி மட்டும் ஸ்டார் 2 இருந்து அதுக்கு மேல டெய்லி ஓமெப்ரசோலும் போச்சுன்னா ரெண்டும் சேர்ந்து கெடுத்திருக்கலாம். ரெண்டு காப்பியுமே நல்லா இருந்து ஓமெப்ரசோல் மட்டுமே பங்கு வகிச்சிருக்கலாம். ஸ்டென்ட் சரியா விரியாம இருந்தாலும் அடைக்கும், சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னாலும் அடைக்கும். டெஸ்ட் எடுத்தா அந்த ஜீன் வகை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். ரத்தமோ கன்னத்துக்குள்ள பஞ்சு வெச்சு எடுக்கற எச்சிலோ போதும், வாழ்நாள்ல ஒரே தடவ எடுத்தா போதும், ஜீன் மாறாது. அந்த ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி ஃபைல்ல வெச்சுடுங்க.

உங்களுக்கும் தம்பிக்கும்: அப்பாவுக்கு ரெண்டு காப்பியும் ஸ்டார் 2ன்னு வந்தா உங்க ரெண்டு பேருகிட்டயும் கண்டிப்பா ஒண்ணு இருக்கு. அது நோய் இல்ல. இந்த மாத்திரை தேவைப்படற காலம் வந்தா சொல்ல வேண்டிய தகவல், அவ்ளோதான்.

சித்தப்பா விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. நீங்க இத சொல்லி அவரு பயந்து குளோபிடோக்ரெல நிறுத்திட்டா அதுதான் பெரிய ஆபத்து. ரெண்டு வருஷமா நல்லா இருக்காருன்னா அப்படியே தொடரட்டும், அடுத்த ரிவ்யூல அண்ணனுக்கு இப்படி ஆச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்ல சொல்லுங்க. அவரு என்ன கேஸ் மாத்திரை போடறாருன்னு மட்டும் இன்னைக்கே பாருங்க.

ரிட்டயர்டு டிபி ஹெல்த் விசிட்டர்:

இந்தப் பொண்ணு எழுதினத படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல எனக்கு. அந்த "ஒழுங்கா எடுக்கல"ங்கற வார்த்தைய நானே எத்தன கார்டுல எழுதியிருக்கேன்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் 30 வருஷம் டிபி பேஷண்ட் வீடு வீடா போனவன் நான். எங்க பாஷைல மாத்திரைய விட்டவன் டிஃபால்டர். வியாசர்பாடில ஒரு ஆட்டோ டிரைவர், நல்ல மனுஷன், ரெண்டு மாசம் ஒழுங்கா போட்டவரு திடீர்னு வரமாட்டேங்கறாரு. வீட்டுக்கு போனா ஈரத் துணிய கால்ல சுத்திட்டு உக்காந்திருக்காரு. "அண்ணே, சித்திர வெயில்ல தார் ரோட்டுல வெறுங்கால்ல நிக்கிற மாதிரி எரியுது, கிளட்ச மிதிக்க முடியல"ன்னாரு. நான் கார்டுல டிஃபால்டர்னு போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் எங்க மெடிக்கல் ஆபீசர்தான் என்ன கூப்ட்டு வெச்சு, அது ஐஎன்எச் (ஐசோநியாசிட்ங்கற டிபி மாத்திரை) பண்ற நரம்பு எரிச்சல்யா, போயி பி6 விட்டமின் குடுத்துட்டு வான்னு சொன்னாரு. மறுபடி மருந்து ஆரம்பிச்சு முடிச்சாரு அவரு.

ஐஎன்எச்சும் ஜீன் விஷயம்தான், ஆனா குளோபிடோக்ரெலுக்கு தலைகீழ். அங்க மாத்திரைய மருந்தாக்கற என்சைம், இங்க மருந்த செயலிழக்க வெச்சு வெளியேத்தற என்சைம், பேரு நேட்2. அது மெதுவா வேலை செய்யற ஆளுங்க உடம்புல ஐஎன்எச் ரொம்ப நேரம் தங்கும், அவங்களுக்குதான் கை கால் எரிச்சல் அதிகம் வரும். தென்னிந்தியாவுல பாதிக்கு மேல இந்த மெதுவான வகைதான். வேகமா வேலை செய்யறவங்களுக்கு வேற பிரச்சனை, மருந்து சீக்கிரமே போயிடும்.

இத உலகத்துக்கு காட்டுனதுல நம்ம மெட்ராஸுக்கு பெரிய பங்கு இருக்கு, நம்ம பசங்க நெறைய பேருக்கு தெரியாது. சேத்துப்பட்டுல 1956ல டிபி கெமோதெரபி சென்டர் ஆரம்பிச்சாங்க, இப்ப அதுக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு பேரு. சானடோரியத்துல படுக்க வேணாம், வீட்டுல இருந்தே மாத்திரை போட்டா குணமாகும்னு 1959ல நிரூபிச்சது அங்கதான், அந்த பேஷண்டுங்க எல்லாம் இடுக்கு வீட்டுல நெருக்கியடிச்சு வாழ்ந்த நம்ம மெட்ராஸ் ஏழைங்க. அதே சென்டர்ல ஐஎன்எச் ஒருத்தர் உடம்புல எவ்ளோ நேரம் நிக்குதுன்னு அளந்து பார்த்து ஆளுங்கள வேகம், மெதுவுன்னு பிரிச்சாங்க. வாரத்துக்கு ஒரே தடவ மருந்து குடுத்துப் பார்த்தப்போ வேகமான வகை ஆளுங்களுக்கு குணமாகறது கம்மியா இருந்துச்சு. அவங்க ஒரு வேளையும் விடல, சென்டர்ல ஆளு முன்னாடியே மருந்து குடுத்தாங்க. விடாம போட்டவனுக்கும் நோய் போகலன்னா பழிய அவன் மேல போட முடியாதுன்னு அன்னைக்கே நம்ம ஊர்ல தெரிஞ்சிருக்கு.

அந்த காலண்டர பத்திரமா வெச்சுக்கம்மா.

புது வண்ணை குமார்:

எனக்கு என்னமோ இதெல்லாம் டெஸ்ட் கம்பெனிக்காரங்க வியாபாரமாதான் தெரியுது. போன மாசம் எங்க அப்பார்ட்மென்டுக்கே வந்து 100 மருந்துக்கு ஜீன் ரிப்போர்ட் தரோம், குடும்பத்தோட எடுத்தா டிஸ்கவுன்ட்னு நோட்டீஸ் குடுத்துட்டு போறாங்க. எங்க தாத்தா காலத்துல ஜீனா பார்த்தாங்க? இந்தப் பொண்ணு கஷ்டத்துல இருக்கு, அத போய் இன்னும் செலவுல மாட்டி விடாதீங்க.

கொத்தவால் சாவடி வாசி:

குமார் அண்ணா, நீங்க அக்கறைல சொல்றீங்க, புரியுது. ஆனா எங்க வீட்டுல நடந்தத சொல்றேன்.

நாங்க ஆர்ய வைஸ்யா, கன்னிகா பரமேஸ்வரி கோயில் பக்கத்துல நாலு தலைமுறையா இருக்கோம். எங்கண்ணனுக்கு 24 வயசுல அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். முக்கா மணி நேரம்னு சொல்லி உள்ள கூட்டிட்டு போனாங்க, ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு, ஆனா ஆளு தானா மூச்சு விடல. மத்தியானம் ஆச்சு, சாயந்திரம் ஆச்சு, மெஷின்லதான் மூச்சு. எங்கம்மா வராண்டாவுல தரைல உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேசல, கைல இருந்த குங்குமப் பொட்டலம் வேர்வைல நனைஞ்சு வெரலெல்லாம் செவப்பு. ராத்திரி ஒன்பதரைக்குதான் தானா மூச்சு வந்துச்சு. அன்னைக்கு ட்யூட்டிக்கு வந்த வயசான மயக்க டாக்டர் எங்கப்பாகிட்ட கேட்டது ஒண்ணுதான், "நீங்க வைஸ்யாவா?"

மயக்கம் குடுக்கும்போது தொண்டைல குழாய் வைக்கறதுக்காக தசைய தளர்த்தற ஊசி ஒண்ணு போடுவாங்க, சக்சமெத்தோனியம், டாக்டருங்க பேச்சுல ஸ்கோலின். சாதாரணமா அஞ்சு பத்து நிமிஷத்துல ரத்தத்துல இருக்கற சூடோகோலினெஸ்டரேஸ்னு ஒரு என்சைம் அத ஒடைச்சுப் போட்டுடும். அந்த என்சைம் இல்லாதவங்களுக்கு மணிக்கணக்கா தசை அசையாது, மூச்சு விடற தசையும் சேர்த்துதான். எங்க சமூகத்துல இது மத்தவங்கள விட ரொம்ப ஜாஸ்தி, ஏன்னா கொஞ்ச பேர்ல இருந்து பெருகி தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்ததுல அந்த ஜீன் எங்களுக்குள்ளயே தங்கிடுச்சு. ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சியாளர்களும் ஹார்வர்டு ஆளுங்களும் 2017ல வெளியிட்ட ஆய்வுல தெற்காசியாவுல 260க்கு மேல சமூகங்கள பார்த்துட்டு, இதுக்கு உதாரணமா எங்களத்தான் சொல்லியிருக்காங்க. வெட்கப்பட இதுல ஒண்ணும் இல்ல, தெரிஞ்சுக்காம இருந்தாதான் ஆபத்து. மத்தபடி எங்கண்ணன் நல்லா மூட்டை தூக்கறவன், ஒரு காய்ச்சல் தலைவலி கெடையாது, ஆயுசு பூரா இது தெரியாமயே போயிருக்கும்.

இதுக்கு ஜீன் டெஸ்ட் கூட வேணாம், ரத்தத்துல அந்த என்சைம் அளவு பார்த்தாலே போதும். எங்க வீட்டுல எல்லாரும் பார்த்தோம், அண்ணனுக்கும் சின்ன அக்காவுக்கும் கம்மி. ரெண்டு பேரும் பர்ஸ்ல ஒரு அட்டை வெச்சிருக்காங்க, ஸ்கோலின் போடாதீங்கன்னு. அக்கா பிரசவத்துக்கு போனப்போ மொதல்ல அந்த அட்டையத்தான் நீட்டுனா. வேற ஊசி போட்டு சிசேரியன் பண்ணாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. இத படிக்கற எங்க ஆளுங்க யாராவது ஆபரேஷனுக்கு போறதா இருந்தா மயக்க டாக்டர்கிட்ட வாய தொறந்து சொல்லுங்க.

ராயபுரம் அம்மா:

என் பையனுக்கு மலேரியா வந்தப்போ பிரைமாகுயின் குடுத்து மூணாவது நாள் ஒண்ணுக்கு கடுங்காப்பி கலர்ல போச்சு, கண்ணெல்லாம் மஞ்சள். ரத்த அணுவ காக்கற ஜி6பிடிங்கற என்சைம் கம்மின்னு அப்பதான் கண்டுபுடிச்சாங்க. 14 நாள் மாத்திரை அது, நல்லவேள மூணு நாள்லயே கூட்டிட்டு ஓடுனேன். அம்மாகிட்ட இருந்து பையனுக்கு வர்ற ஜீனாம், எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, ஆனா என்கிட்ட இருந்துதான் போயிருக்கு. பீரோல போடற பாச்சை உருண்டை கூட அவனுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க, வீட்டுல இருந்தத எல்லாம் எடுத்து போட்டுட்டேன். மலேரியா நம்ம பக்கம் புதுசு இல்ல, மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜி6பிடி பாருங்கன்னு கேளுங்க அம்மாமாரே.

வட சென்னை பிஜி டாக்டர்:

குமார் அண்ணன் கேட்டதுல நியாயம் இருக்கு, அதுக்கு நேரா பதில் சொல்லணும்.

எல்லா ஜீன் டெஸ்டும் ஒரே தரம் இல்ல. வலிப்புக்கு குடுக்கற கார்பமாசெபின் சில பேருக்கு தோலே உரிஞ்சு வர்ற அளவுக்கு அலர்ஜி பண்ணும், உயிருக்கே ஆபத்து. அது எச்எல்ஏ-பி 1502ங்கற ஜீன் வகையோட சம்பந்தப்பட்டதுன்னு 2004ல தைவான்ல கண்டுபுடிச்சாங்க. அதுக்கப்புறம் அங்க மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடியே 4,877 பேர டெஸ்ட் பண்ணி, அந்த ஜீன் இருந்தவங்களுக்கு வேற மருந்து குடுத்தாங்க. மாத்திரை எடுத்தவங்கள்ல ஒருத்தருக்குக் கூட அந்த தோல் உரியற அலர்ஜி வரல. இந்த மாதிரி டெஸ்ட் தயங்காம எடுக்கலாம்.

குளோபிடோக்ரெலுக்கு அவ்ளோ தெளிவு கெடையாது. டெய்லர் பிசிஐன்னு 5,300 பேர் சேர்ந்த ஆய்வு 2020ல வந்துச்சு. ஸ்டார் 2 மாதிரி ஜீன் இருந்தவங்கள்ல, டெஸ்ட் பார்த்து டிகாக்ரெலாருக்கு மாத்தினவங்கள்ல ஒரு வருஷத்துல 4 சதவீதம் பேருக்கு மறுபடி பிரச்சனை வந்துச்சு, பார்க்காம குளோபிடோக்ரெலே குடுத்தவங்கள்ல 5.9 சதவீதம். வித்தியாசம் இருக்கு, ஆனா அடிச்சு சொல்ற அளவுக்கு கணக்குல நிக்கல, கொஞ்சத்துல தவறிடுச்சு. அதனாலதான் ஸ்டென்ட் வைக்கற எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கறதில்ல. என்னோட கருத்து, நம்ம ஊர்ல இந்த ஜீன் இவ்ளோ அதிகமா இருக்கும்போது, ஒழுங்கா மாத்திரை போட்டும் ஸ்டென்ட் அடைச்சவருக்கு கேக்காமயே இத எடுக்கணும். 100 மருந்துக்கு குடும்ப பேக்கேஜ்ங்கறது வேற, அதுக்கு நானும் ஒத்துக்க மாட்டேன். சுகமா இருக்கறவங்க அந்த காச சேர்த்து வெச்சுக்கலாம்.

தங்கச்சி, டிகாக்ரெலார் நல்லா போயிட்டு இருக்குன்னா டெஸ்ட் ரிசல்ட் எதுவா வந்தாலும் இப்போதைக்கு சிகிச்சை பெருசா மாறாது. ஆனா ஒரு வருஷம் கழிச்சு எந்த மாத்திரைல தொடரணும்னு முடிவு பண்ணும்போது உபயோகப்படும். அதனால முடிஞ்சா எடுங்க, அவசரம் இல்ல.

காசிமேட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஒரு வாரமா பதில் போட முடியல, ஆஸ்பத்திரி அலைச்சல்.

சித்தப்பா பேன்டோப்ரசோல்தான் போடறாரு, பார்த்துட்டேன். மாத்திரைய நிறுத்தக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டேன், ரிவ்யூவுக்கு நானே கூட போறேன். ராயபுரம் அம்மா, எங்க பீரோல இருந்த பாச்சை உருண்டையையும் எடுத்துட்டேன், எங்களுக்கு அது இருக்கா இல்லையான்னு தெரியாது, இருந்தாலும் மனசு கேக்கல.

நேத்து அப்பாவ அந்த ரெண்டாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். இந்த தடவ காலண்டரையே ஆணில இருந்து கழட்டி சுருட்டி எடுத்துட்டு போனேன், ஓமெப்ரசோல் அட்டையையும். அவரு தாள திருப்பித் திருப்பி பார்த்தாரு. கேஸ் மாத்திரை வெவரம் கேட்டுட்டு, "இது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நான் ஜீன்னு மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்"னாரு. கன்னத்துல பஞ்சு வெச்சு சாம்பிள் எடுத்துட்டாங்க, அப்பா வாய பெருசா தொறந்து காட்டினாரு.

கெளம்பறப்போ நான் தயங்கித் தயங்கி கேட்டேன், சார், மாத்திரை ஒழுங்கா போட்டாருன்னு இதுல எழுதித் தருவீங்களா, அந்த சம்மரில வேற மாதிரி எழுதியிருக்குன்னு. அவரு ஓபி சீட்டுல ரெண்டு வரி எழுதி, கையெழுத்து போட்டு, சீலும் வெச்சு குடுத்தாரு. பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது அப்பா அத படிக்க சொன்னாரு. ஜனவரி 17ல இருந்து ஏப்ரல் 24 வரைக்கும் குளோபிடோக்ரெல் தவறாம எடுத்திருக்காருன்னு படிச்சேன். இன்னொரு தடவ படின்னாரு. படிச்சேன். சீட்ட வாங்கி நாலா மடிச்சு சட்டைப்பைல, ஓமெப்ரசோல் அட்டை இருந்த அதே பையில வெச்சுக்கிட்டாரு.

இப்ப காலண்டர்ல ஒரு தேதிக்கு ரெண்டு வட்டம், காலைக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணு. ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.